சந்திரசேகர்-ஃபெர்மி முறை

சந்திரசேகர்-ஃபெர்மி முறை என்பது விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலுள்ள காந்தப்புலத்தின் வலிமையை, ஒளியின் முனைவாக்கத்தைக் கொண்டு மதிப்பிடும் வழிமுறை ஆகும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1953 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். லெவரெட் டேவிஸ் 1951 இல் இதையொத்த கருத்தைத் தனியே முன்வைத்தமையால் டேவிஸ்-சந்திரசேகர்-ஃபெர்மி முறை எனவும் இது அழைக்கப்படுகிறது.

பின்னணி

தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி முனைவாக்கம் அடைந்துள்ளதை ஹில்ட்னர், ஹால் ஆகியோர் 1949 இல் அறிவித்தனர். ஒளி வரும் வழியிலுள்ள நீள்வடிவத் தூசுத் துகள்கள் காந்தப்புலத்தால் ஒழுங்குபடுவதே இதற்குக் காரணம். இதனால் புலத்தின் திசை தெரியவந்தது; வலிமை தெரியவில்லை.

தத்துவம்

விண்மீனிடை வளிமத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருப்பதால், காந்தப்புலக் கோடுகள் அதனுடன் பிணைந்துள்ளன. வளிமம் கொந்தளிக்கும்போது அக்கோடுகள் இழுத்துக் கட்டிய கம்பிகளைப் போல அதிர்கின்றன. வலிய புலம் சிறிதே வளையும். வலுக்குன்றிய புலம் பெரிதும் அலையும். எனவே வளிமத்தின் அடர்த்தி, கொந்தளிப்பின் வேகம், முனைவாக்கத் திசைகளின் சிதறல் ஆகிய மூன்றும் தெரிந்தால் வலிமையைக் கணக்கிடலாம். வேகம் கூடினாலும் அடர்த்தி கூடினாலும் விடை கூடும். சிதறல் கூடினால் குறையும்.

முடிவுகள்

கொந்தளிப்பின் வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர், சிதறல் 0.2 ரேடியன் (ஏறத்தாழ 11 பாகை) எனக் கொண்டு, பால்வழியின் சுருளிக் கரத்தில் காந்தப்புலம் ஒரு காஸின் 10 இலட்சத்தில் 7 பங்கு என இருவரும் கணித்தனர். புவியின் மேற்பரப்பில் இது சுமார் அரை காஸ் ஆகும். கரத்தின் ஈர்ப்பை வளிம அழுத்தமும் காந்த அழுத்தமும் சேர்ந்து தாங்குகின்றன என்ற அடிப்படையில் அவர்கள் செய்த மற்றொரு கணிப்பு 6 பங்கு எனத் தந்தது. இவ்வளவு நலிந்த புலமும் ஒரு சுருளிக் கரத்தின் சமநிலையில் பங்கேற்கிறது என்பதே இதன் முக்கியத்துவம்.

பேரடைக் காற்றுகள்

பெருநிறை விண்மீன்களும் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளும் வளிமத்தைப் பேரடையின் தட்டிலிருந்து வெளியே தள்ளுவது பேரடைக் காற்று எனப்படும். சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெசியர் 82 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விமானத்தில் பொருத்தப்பட்டு 2022 வரை இயங்கிய சோஃபியா தொலைநோக்கி, அதன் தூசு உமிழும் அகச்சிவப்புக் கதிர்களின் முனைவாக்கத்தை அளந்தது. நடுப்பகுதியில் காந்தப்புலம் காற்றின் திசையிலேயே வெளிநோக்கி அமைந்துள்ளதை 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றின் சீரான ஓட்டத்தையும் கணக்கில் கொள்ளுமாறு சந்திரசேகர்-ஃபெர்மி முறை திருத்தப்பட்டு, 2021 இல் அப்புலத்தின் வலிமை மதிப்பிடப்பட்டது.

வரம்புகள்

புலம் மிகவும் வலுக்குன்றியிருந்தால் இம்முறை பொருந்தாது. பார்வைக் கோட்டில் பல வளிமத் திரள்கள் இருந்தால் சிதறல் குறைவாகத் தோன்றி, வலிமை மிகையாகக் கணிக்கப்படும். இதனால், 2001 இல் வெளியான கணினி உருவகப்படுத்தல்களைப் பின்பற்றி, விடையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்வது வழக்கம்.