திரைக்கு இடம் ஒதுக்குதல்

கணிப்பொறியின் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் அத்திரையிலேயே தங்கியிருப்பவை அல்ல. அவை நினைவகத்தில் ஓரிடத்தில் எண்களாக எழுதப்பட்டிருக்கின்றன. திரையை இயக்கும் கருவி அவ்வெண்களைப் பெரும்பாலும் விநாடிக்கு 60 முறை வாசித்துப் புள்ளிகளின் நிறங்களாக மாற்றிக் காட்டுகின்றது. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுவோர்க்கு இம்முறை புதிதன்று. புள்ளிகளுக்குரிய எண்களைத் தாங்கி நிற்கும் அந்நினைவகப் பகுதியைப் 'பஃபர்' என்பர். ஒரு நிரல் அதனை எவ்வாறு பெறுகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை எடுத்துக்கொள்வோம். வரைகலைச் சில்லுகளின் வகைக்கேற்ப அதில் தனித்தனி இயக்கிகள் உண்டு. இடம் கேட்கும் முறையும் இயக்கிக்கு இயக்கி வேறுபட்டிருந்தது. எளியதொரு படத்தைக் காட்ட விரும்பும் நிரலும் அத்தனை முறைகளையும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. இக்குறையைப் போக்க, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.39ஆம் பதிப்பில் 'டம்ப் பஃபர்' என்னும் பொது ஏற்பாடு இடம்பெற்றது. அகராதியைப் பார்த்து இதனை 'ஊமை' என்று பெயர்த்துவிடலாகாது. சில்லின் விரைந்து வரையும் திறனை நாடாமல், மையச் செயலியே புள்ளி புள்ளியாக நிரப்பும் எளிய இடம் என்பதே இதன் கருத்து.

கேட்கும் முறை சுருக்கமானது. அகலம், உயரம், ஒரு புள்ளிக்கு எத்தனை பிட்டுகள் என்னும் மூன்றையும் நிரல் தெரிவிக்கின்றது. இயக்கி மூன்று விடைகளைத் தருகின்றது: அவ்விடத்தைக் குறிக்கும் ஓர் அடையாள எண், ஒரு வரிசையின் நீளம், மொத்த அளவு. பின்னர் நிரல் அவ்விடத்தைத் தன் முகவரிப் பரப்போடு இணைத்துக்கொண்டு வரையத் தொடங்கலாம்.

அகலத்தைத் தெரிவித்த நிரலுக்கு வரிசையின் நீளத்தை இயக்கி ஏன் சொல்ல வேண்டும்? நுட்பம் இங்கேதான் உள்ளது. பல மடிக்கணினிகளில் காணப்படும் 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உள்ள திரையைக் கருதுவோம். புள்ளிக்கு 32 பிட்டு, அதாவது 4 பைட்டு எனில், ஒரு வரிசைக்கு 5,464 பைட்டுகள் ஆகும். ஆனால் இன்டெல் சில்லுகளுக்கான இயக்கி, வரிசையின் நீளத்தை 64இன் மடங்காகவே அமைக்கின்றது. ஆகவே விடையாக வருவது 5,504. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 40 பைட்டுகள் வெறுமையாக விடப்படுகின்றன.

இவ்விடையைக் கவனியாது, தானே பெருக்கிக் கண்ட 5,464ஐக் கொண்டு நிரல் வரையுமாயின், வரிசைக்குப் பத்துப் புள்ளிகளாகப் படம் விலகிச் சென்று, முழுவதும் சாய்ந்து சிதையும். 1920 புள்ளி அகலமுள்ள திரையிலோ வரிசை 7,680 பைட்டு. அது 64இன் மடங்கே ஆதலால் பிழை வெளிப்படாது. பெரிய திரையில் மட்டும் சோதித்தவர் தம் நிரல் செம்மையானது என்றே எண்ணியிருப்பார். சிறிய கணினி வைத்திருப்பவரே அல்லலுறுவார்.

சில சில்லுகளுக்கு இடையறாது தொடர்ந்த நினைவகம் தேவை. வேறு சில, சிதறிய துண்டுகளையும் அட்டவணை வழியே இணைத்து வாசிக்கும். இவ்வேறுபாடுகளை நிரல் அறியாது, இயக்கியே அறியும். இடத்தை ஒதுக்கும் பொறுப்பு இயக்கியிடம் விடப்பட்டதன் காரணம் இதுவே.

இந்த எளிய ஏற்பாட்டைச் சிறிதென்று கருதலாகாது. கணிப்பொறி விழித்தெழும்போது முதற்காட்சியை வரையும் பிளைமவுத் என்னும் நிரல் இத்தகைய பஃபரைப் பயன்படுத்துகின்றது. வட்டு பூட்டப்பட்டிருப்பின் கடவுச்சொல்லைக் கேட்பதும் அக்காட்சியிலேயாகும். அது தோன்றாவிடின் உரியவரே தம் கணினிக்குள் நுழையத் தடுமாறுவார்.

மற்றொரு கடமையும் உண்டு. நினைவகத்தின் அதே பகுதியில் சற்று முன்னர் வேறொரு நிரலின் படம் இருந்திருக்கக்கூடும். ஆதலின் பழைய எண்களை அழித்துப் பூச்சியத்தால் நிரப்பிய பின்னரே புதியவர்க்கு அளித்தல் வேண்டும். ஊரினின்று நெடுந்தொலைவில் வாழும் நாம், பிறந்த வீட்டுச் செய்தியையும் வங்கிக் கணக்கையும் திரையிலேயே படிக்கின்றோம். நாம் படித்து முடித்தது அடுத்தவர் காட்சியில் நிழலாகத் தோன்றாதிருப்பது இந்தத் துப்புரவினாலேயாகும்.

பணி முடிந்ததும் நிரல் அவ்விடத்தைத் திருப்பி அளித்தல் முறை. நிரல் இடையில் நின்றுபோயினும் இயக்க முறைமை அதனை மீட்டுக்கொள்ளும். ஆனால் நாள் முழுதும் ஓடும் நிரல் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருப்பின், நினைவகம் மெல்ல மெல்ல வற்றிக் கணினி தளர்ந்துவிடும். இயக்கி தந்த அளவின்படி வரைந்து, வேலை முடிந்ததும் இடத்தை ஒப்படைக்கும் நிரலே எந்தத் திரையிலும் பிழையின்றி இயங்கும்.