உஷார்! கிழக்குக் கடலில் எண்ணெய்க் கிணறு வருமுன்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் கடற்றொழிலாளர்களே, இப்போதே விழித்துக்கொள்ளுங்கள்! கிழக்குக் கடலின் ஆழப்பகுதியை ஜேஎஸ்5, ஜேஎஸ்6 என்று கூறுபோட்டு எண்ணெயும் வாயுவும் தேட முனைந்தார்கள். 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் செய்து ஆய்வில் இறங்கியது. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டமும் வந்துவிட்டது. துளைக்கும் மேடை இன்னும் வரவில்லை. நாம் பேச வேண்டிய நேரம் இதுதான். மேடை வந்து நின்ற பிறகு நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

2020 செப்டம்பர் 3ஆம் திகதியை மறந்துவிடாதீர்கள். குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன நியூ டயமண்ட் கப்பல், நம் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. அதனுள் இருந்தது சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய். இயந்திர அறை வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அணைந்த தீ மீண்டும் மூண்டது. எண்ணெய்த் தாங்கிகள் உடையாததால் பிழைத்தோம், அல்ஹம்துலில்லாஹ். கப்பலையாவது இழுத்துக்கொண்டு அப்பால் போகலாம். கடலடியில் உடைந்த கிணற்றை எங்கே இழுத்துப் போவது? 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் ஏறக்குறைய 1,500 மீற்றர் ஆழத்தில் பீறிட்ட எண்ணெயை நிறுத்த, அத்தனை வசதியுள்ள அமெரிக்காவுக்கே 87 நாள் பிடித்தது.

வாடைக் காலத்தில் நீரோட்டம் வடக்கேயிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கும். திருகோணமலைப் பக்கம் கசிந்தாலும் அது மருதமுனையையும் பொத்துவிலையும் தேடி வரலாம். அப்போது கரைவலையில் கீரிமீன் பட்டாலும், சந்தையில் அதை யார் வாங்குவார்?

நட்டஈடு தருவார்கள் என்று நம்பியிருக்கிறீர்களா? எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தது 2021 மே மாதத்தில். நூறு கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2025 ஜூலையில். நான்கு வருடம்! தோணிக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நான்கு வருடம் காத்திருக்குமா? ஆகவே பாதிக்கப்பட்டோருக்கான பணத்தை, கிணறு தோண்டுமுன்பே கட்டிவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை நாளில், யார் கையால், கரைவலை இழுக்கும் கூலிக்காரருக்கும் கருவாடு போடும் பெண்களுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். அறிவித்தல் வர்த்தமானியிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். அது ஒரு மூலையில் சின்ன எழுத்தில்தான் கிடக்கும். நாம் பார்க்காமல் விட்டால் 30 நாளும் போய்விடும். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் அதைக் கவனிக்கவென்றே படித்த பிள்ளை ஒருவரை இப்போதே நியமிக்கட்டும். அறிவித்தல் கண்ட அன்றே ஜும்ஆவிலும் கோயிலிலும் சொல்லுங்கள். நாம் எழுதி அனுப்பும் கருத்தில் காரைதீவும் திருக்கோவிலும் நம்மோடு சேர்ந்தே கையெழுத்திடட்டும்.