7,200 ரூபாயில் போவது நான்கு பேரா, பன்னிரண்டு பேரா?

பொங்கலை ஒட்டிக் கிளம்பும் பள்ளிச் சுற்றுலாக்களுக்கு முன்பணம் கட்ட நவம்பர் 30 கடைசி நாள் என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் குழப்பம் பலவகை. குலுக்கல் சீட்டு விற்கலாமா, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பள்ளிக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா, ரயிலில் பாதிக் கட்டணம் இன்னும் உண்டா என்று கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஓரிரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான்கைந்து பேர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கும் ஒரு கேள்வி அப்படிப்பட்டதல்ல. முப்பத்தாறு பேர் வந்தாலும் தலைக்கு 1,600, நாற்பத்தெட்டு பேர் வந்தாலும் அதே 1,600 என்கிறார்களே, அது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி. சுற்றுலா எங்கே போகிறது, என்ன பார்க்கிறது என்பதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் பிரித்துப் பார்ப்போம். யார் போகிறார்கள், யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

நோட்டீசில் வரும் சொற்களை முதலில் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். ‘கல்விச் சுற்றுலா’ என்பது பெரும்பாலும் ஓர் அருங்காட்சியகமும் ஒரு தீம் பார்க்கும் சேர்ந்தது. ‘விருப்பமுள்ளவர்கள் மட்டும்’ என்றால், பணம் கட்டாதவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்கும் கட்டணம். ‘ஆசிரியர்களுக்கு இலவசம்’ என்றால் அந்தச் செலவு மாணவர்கள் தலையில் ஏறியிருக்கிறது என்று பொருள். ஆசிரியர் காசு கட்ட வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் தூங்காமல் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பவர் வேலைக்குப் போகிறார், உல்லாசத்துக்கு அல்ல. ஆனால் பெற்றோர் கொடுக்கும் காசை டிராவல்ஸ்காரர் தன் தாராள மனதின் அடையாளமாக அச்சடித்துத் தரும்போது, கணக்கில் வேறு என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ராஜபாளையத்திலிருந்து திருச்சி, தஞ்சாவூர் போய்த் திரும்ப இரண்டு நாள், 52 இருக்கை பஸ். வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், உடன் வரும் நான்கு ஆசிரியர்களின் சாப்பாடு, தங்கும் செலவு, ஏற்பாடு செய்பவரின் லாபம் எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவன் ஏறினாலும் 48 பேர் ஏறினாலும் இந்தத் தொகை மாறாது. அடுத்தது ஆளுக்கு ஆள் கூடும் செலவு. சாப்பாடு, படுக்கை, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு மாணவனுக்கு 600 ரூபாய். முப்பத்தாறு மாணவர்கள் வந்தால் வண்டிப் பங்கு 1,000, சொந்தச் செலவு 600, ஆக 1,600. நாற்பத்தெட்டு பேர் வந்தால் வண்டிப் பங்கு 750 ஆகக் குறைந்து, தலைக்கு 1,350 தான் வர வேண்டும். விலையை 1,600 என்று முதலிலேயே நிர்ணயித்துவிட்டால், கூடுதலாக வரும் பன்னிரண்டு பேரும் வண்டிக்கென்று கட்டும் 12,000 ரூபாய் முழுவதும் ஏற்பாட்டாளருக்குப் போகிறது. அவருடைய லாபம் முதல் முப்பத்தாறு பேரிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் வருவது நோட்டீசில் எங்கும் இல்லாத லாபம்.

இதோடு நின்றால் சாதாரண வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடலாம். என்னை உறுத்துவது அடுத்த படி. வகுப்பில் அந்தப் பன்னிரண்டு பேர் 1,600 கட்ட முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், தோப்பில் கூலிக்கு மாங்காய் பறிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஊரில் ஒருவர் மனமிரங்கி 7,200 ரூபாய் நன்கொடை தருகிறார். தலைக்கு 1,600 என்ற கணக்கில் அந்தப் பணம் நான்கு பிள்ளைகளை ஏற்றிவிட்டு 800 ரூபாய் மிச்சம் வைக்கும். ‘எல்லாருக்கும் சமமாக’ என்று பங்கிட்டால் ஏற்கெனவே கட்டக்கூடிய முப்பத்தாறு பேருக்கும் ஆளுக்கு 200 குறையும். பன்னிரண்டு பேரும் அப்போதும் வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் வண்டி வாடகையை முப்பத்தாறு பேர் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டால், காலியாக ஓடப்போகும் இருக்கையில் ஒரு பிள்ளை உட்கார ஆகும் உண்மைச் செலவு 600 மட்டுமே. அதே 7,200 ரூபாயில் பன்னிரண்டு பேரும் இலவசமாகப் போகலாம். மற்ற முப்பத்தாறு பேர் ஒரு காசும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை.

நன்கொடையாளரே இல்லாவிட்டாலும் கணக்கு வேலை செய்யும். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 900 கட்டினால் சொந்தச் செலவு போக 300 வீதம் 3,600 ரூபாய் வண்டிக்குச் சேரும். மீதி 32,400-ஐ முப்பத்தாறு பேர் பிரித்தால் ஆளுக்கு 900. அவர்கள் கட்ட வேண்டியது 1,500. குறைவாகக் கட்டும் பிள்ளையை ஏற்றிக்கொண்டதால் நிறைவாகக் கட்டும் பிள்ளைக்கும் நூறு ரூபாய் மிச்சம். இதைத் தர்மம் என்று சொல்வதே தப்பு. அந்தப் பிள்ளை வண்டிச் செலவில் பங்கு எடுத்துக்கொள்கிறான். தலைக்கு விலை என்ற முறை இந்த உண்மையை எல்லாரிடமிருந்தும் மறைத்துவிடுகிறது.

தலைக்கு விலையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற அழுத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரவில் பஸ் ஓடினால் ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம். 2022 அக்டோபர் 5-ஆம் தேதி எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி ஒன்றிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே இரவில் கேரள அரசு பஸ்ஸின் மீது மோதியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். இரவு 9 முதல் காலை 6 வரை பள்ளிச் சுற்றுலா வண்டி ஓடக்கூடாது என்ற விதி கேரளத்தில் அப்போதே இருந்தது. விபத்துக்குப் பிறகுதான் அதை எல்லாரும் தேடி வாசித்தார்கள். நம் ஊர் நோட்டீசில் ‘இரவு 8 மணிக்குப் புறப்பாடு’ என்று இருந்தால், அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

ஏற்பாட்டாளர் தரப்பு நியாயம் என்ன? கூட்டம் குறைந்தால் நஷ்டம் எனக்கு, அதனால் கூடினால் லாபமும் எனக்கு என்பார். அப்படி நடந்தால் சரிதான். ஆனால் முன்பணம் திரும்பத் தரப்படாது, இத்தனை பேருக்குக் குறைந்தால் கட்டணம் மாறும் என்ற இரண்டு நிபந்தனைகளும் பெரும்பாலும் அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கின்றன. நஷ்டத்தைப் பெற்றோரிடம் தள்ளிவிட்டவர், நஷ்டத்துக்கு ஈடாக லாபம் கேட்க முடியாது. தனித்தனியாக விலை சொல்ல எந்த டிராவல்ஸும் ஒப்பாது என்பது இன்னொரு பதில். கல்யாணத்துக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் பேசும்போது இதே ஊரில் இதே ஆட்கள் நாள் வாடகை இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா தனி என்றுதான் பேசுகிறார்கள். பள்ளி என்றதும் மட்டும் ஏன் தலைக்கணக்கு?

பள்ளித் தரப்பு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஓர் ஆசிரியருக்கு வகுப்பு, தேர்வு, எமிஸ் இணையதளப் பதிவு எல்லாம் போக, சமையலுக்கும் லாட்ஜுக்கும் பேரம் பேச நேரம் ஏது? ஒப்புக்கொள்கிறேன். ஏற்பாட்டாளரை விட வேண்டாம். அவருடைய கூலியை ஒரே தொகையாக எழுதி வாங்கினால் போதும். இரண்டு விதக் கட்டணம் வைத்தால் குறைவாகக் கட்டும் பிள்ளைக்கு அவமானம் என்பதும் உண்மை. அது தொகையால் வருவதல்ல, கேட்கும் விதத்தால் வருவது. தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், ரசீது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். வசதி இருப்பவரும் இல்லை என்று சொல்லமாட்டாரா? ஓரிருவர் சொல்லத்தான் செய்வார்கள். சொந்தச் செலவான 600-க்கு மேல் அவர் எதைக் கட்டினாலும் வண்டிக்கு லாபம்தான். அவரைப் பிடிப்பதற்காகப் பன்னிரண்டு பேரிடம் வருமானச் சான்று கேட்பது வீண் வேலை.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. நாற்பத்தொன்பதாவது மாணவனுக்கு இருக்கை இருக்காது. ஐம்பத்தைந்து பேர் என்றால் ஏழு பேருக்காக இன்னொரு வண்டி. அப்போது ஒவ்வொரு கூடுதல் தலையும் மலிவல்ல, பெரும் செலவு. எனவே முதலில் பணம் வசூலித்துப் பிறகு வண்டி தேடுவது தப்பான வரிசை. வகுப்பில் எத்தனை பேர், அதற்கு எந்த அளவு வண்டி என்று முடிவு செய்துவிட்டு, நிரம்பாத இருக்கைகளை எப்படி நிரப்புவது என்று பார்க்க வேண்டும். பள்ளியின் சொந்த பஸ்ஸிலேயே போகலாமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டிக்குக் கிடைக்கும் பெர்மிட் பள்ளிக்கு வந்துபோவதற்கானது. வெளியூர்ச் சுற்றுலா, அதிலும் கேரள எல்லையைத் தாண்டுவது என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனி அனுமதி வாங்காமல் கிளம்பக்கூடாது.

நிதி திரட்டும் வழிகளில் பிள்ளைகளிடம் கூப்பன் புத்தகம் கொடுத்து விற்கச் சொல்வதுதான் ஆகக் கெட்டது. குலுக்கலில் பரிசு உண்டு என்றால் அது சட்டப்படி குற்றமும்கூட. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பாரதிய நியாய சன்ஹிதா 297-ஆம் பிரிவு, அனுமதியில்லாத குலுக்கல் நடத்துவதையும் அதற்கான அறிவிப்பு வெளியிடுவதையும் தண்டிக்கிறது. பள்ளி என்பதால் விலக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விற்பது குற்றமில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு வாங்குவோரும் உண்டு. ஆனால் ஆளுக்குப் பத்து டப்பா என்று பங்கு வைத்தால் நடப்பது என்ன? கடைவீதியில் சொந்தக்காரர் இருக்கும் பிள்ளை ஒரே மாலையில் விற்றுவிடும். சுற்றுலாவுக்கே பணம் இல்லாத பிள்ளையின் உறவினரிடம் பால்கோவா வாங்கவும் பணம் இருக்காது. கடைசியில் அம்மா கடன் வாங்கிப் பத்து டப்பாவையும் தானே வாங்குவார். விற்பதானால் ஆண்டு விழா அன்று பள்ளி வாசலில் ஒரே மேசை போட்டு விற்கட்டும்.

ரயில் என்றால் கதை வேறு. அங்கே டிக்கெட் ஆளுக்கு ஆள் தனி, தலைக்கு விலை என்பது உண்மையாகவே தலைக்கு விலை. 2020 மார்ச்சில் பெரும்பாலான சலுகைகளை ரயில்வே நிறுத்தியபோதும் மாணவர் சலுகை தப்பியது. கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி, கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். தலைமையாசிரியர் சான்றோடு கவுன்ட்டரில்தான் வாங்க வேண்டும், செல்போனில் கிடைக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஒரு படிவத்தில் ஆறு பேர்தான், மொத்தமாக வேண்டுமென்றால் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று போகும் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ், செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் கடக்கிறது. அந்தப் பாதையே ஒரு பூகோள வகுப்பு. ஏனோ எந்த நோட்டீசிலும் அது இடம்பெறுவதில்லை.

மற்ற கேள்விகள்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டால் பள்ளி தப்பிவிடுமா? இல்லை. 1995-இல் பதான்கோட் பகுதிப் பள்ளி மாணவர்கள் 14 பேர் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், பள்ளியின் கவனக்குறைவுக்காகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்பதை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அருகிலேயே அய்யனார் அருவி, செண்பகத்தோப்பு போனால் என்ன? அந்த மலைப்பகுதி 2021 முதல் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும். நீர் இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் மாயனூர் காவிரியில் மூழ்கியதை மறக்க வேண்டாம்.

அரசே மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறதே? அது போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசு. வகுப்பு முழுவதும் போக அதில் வழியில்லை.

நன்கொடைக்கு வரிச் சலுகை? 80ஜி பதிவுள்ள அமைப்புக்குத் தந்தால் மட்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது.

நுழைவுக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குகிறார்களே? மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அதற்கும் சேர்த்து வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

பயணம் முடிந்து மிஞ்சும் பணம் யாருடையது? கட்டியவர்களுடையது. வண்டி வாடகை தனி, ஆள் செலவு தனி என்று எழுதிய தாளை இப்போதே வாங்கி வைத்திருப்பவர்தான் அதை அப்போது கேட்க முடியும்.