தொட்டிச் செடிக்கும் இனம் பார்த்து நீர் விடுக

நெல்லுக்கும் கம்புக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி எவரும் இல்லை. ஆனால் அவர் வீட்டுத் திண்ணையிலுள்ள தொட்டிகளுக்கு மட்டும் தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு சொம்பு நீர் ஊற்றப்படுகிறது. துளசி தழைக்கிறது, பக்கத்திலுள்ள சோற்றுக் கற்றாழையோ அழுகிச் சாய்கிறது. இதற்குக் கைராசி காரணமல்ல.

வேருக்கும் காற்று தேவை

மண்ணின் இடைவெளிகளில் நீர் தேங்கி நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே ஈர மண்ணிலேயே இலை வாடும். இதை நீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் ஊற்றினால் செடி பிழைக்காது. நீர் விடுமுன் ஓர் அங்குல ஆழம் விரலை நுழைத்து ஈரம் பார்க்க வேண்டும்.

செடிக்கேற்ற பராமரிப்பு

துளசி: தினமும் 4 முதல் 6 மணி நேரமாவது வெயில் பட வேண்டும். மேல்மண் காய்ந்ததும் நீர் விடலாம். பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் மிகும்.

கற்றாழை, மருள்: இவை தடித்த இலைகளில் நீரைச் சேமிப்பவை. மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். மழைக்காலத்தில் கூரை நீர் விழாத இடத்தில் வைக்க வேண்டும்.

மணி பிளான்ட்: அகத்தி நிழலில் வளரும் வெற்றிலைக் கொடியைப் போல இதுவும் நிழலில் படர்வது. உச்சி வெயிலில் இலை கருகும். இதைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எனவே குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம்.

குரோட்டன்ஸ்: நல்ல வெளிச்சத்தில்தான் இலைகளில் நிறம் பிடிக்கும். இடம் மாற்றினால் சில இலைகள் உதிரக்கூடும். அதற்காக நீரைக் கூட்டக் கூடாது.

தொட்டி நிரப்பும் முறை

அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்பலாம். கற்றாழைக்கு மணலை 2 பங்காக்க வேண்டும். வாயோரம் ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேங்கிய நீரை அவ்வப்போது கொட்டிவிட்டு, வாரம் ஒரு முறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வயலில் பயிரையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்து மடை திறக்கும் பழக்கத்தைத் திண்ணையிலும் கடைப்பிடித்தால், காசு கொடுத்து வாங்கிய செடி வீணாகாது.