குறட்டையும் பகற்சோர்வும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இராப்பணி பார்க்கும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள், பகற்சோர்வுக்கெல்லாம் ஷிப்டு முறையையே காரணமாகக் கூறுவர். அது முழு உண்மையன்று என்பதே நம் கருத்து. சிலருக்கு உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. மணிக்கு 30 தடவை நேர்ந்தால் நோய் கடுமையெனக் கொள்வர். உறங்கியவருக்கோ எதுவும் நினைவிராது. குறட்டை நின்று திணறுவதைக் கேட்கும் மனைவியே சாட்சி! நாளடைவில் மறதியும் இரத்தக் கொதிப்பும் பற்றும், பக்கவாதமும் வரக்கூடும். இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022இல் காலமானதற்கு இந்நோயையே மருத்துவர் காரணமாகக் கூறினர். முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் சிகிச்சை 1981 முதல் உண்டு. கன்டெய்னர் லாரிகள் நெருங்கும் சாலையில் வண்டி ஓட்டுவோர், அந்தச் சாட்சியையும் உடனழைத்துச் சென்று, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுவது நலம்.