நெடுந்தூர இலக்குத் துப்பாக்கி: தெரிவும் அமைப்பும்

துப்பாக்கி என்றவுடன் போரும் வேட்டையுமே பலரது நினைவுக்கு வருவன. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அஃது ஒரு நுண்ணளவைக் கருவியாகவும் கையாளப்பட்டு வருகின்றது. ஆயிரம் யார் தூரத்தில் நாட்டப்பட்ட காகித இலக்கொன்றைத் தரையிற் படுத்திருந்து சுடும் விளையாட்டிலே பகைவனும் இல்லை, விலங்கும் இல்லை. அங்கு வெல்லப்படுவன பிழைகளே. கருவியின் பிழை, சுடுவோன் பிழை, காற்றைக் கணிப்பதில் நேரும் பிழை என அவை மூவகைப்படும். இம்மூன்றையும் ஒன்றினின்றொன்று பிரித்தறியக் கற்பதே இவ்விளையாட்டின் முழுப் பயிற்சியுமாம். புதிதாகப் புகுவோன் தெரிவுசெய்யத்தக்க முதற் கருவி யாது என்னும் வினாவுக்கு விடையும் இதனுள் அடங்கியுள்ளது. தன் பிழை சிறிதாயும் மாறாததாயும் இருக்க, சுடுவோனது பிழையை மறையாது காட்டும் துப்பாக்கியே அவனுக்கு நல்லாசிரியனாகும்.

கருவியின் தெரிவு அதன் பணியைப் பொறுத்ததென்பதை இவ்விளையாட்டின் தொடக்க வரலாறே உணர்த்துகின்றது. குழலின் உட்புறத்திற் சுருட்புரி வெட்டப்பெற்ற துப்பாக்கியே றைபிள் எனப்படுவது. அப்புரி சன்னத்தைச் சுழலச் செய்கின்றது. சுழலும் பம்பரம் போலச் சுழலும் சன்னமும் நிலைகுலையாது செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலப் படையினர் ஏந்திய என்பீல்ட் றைபிளின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது. அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒருமுறை சுற்றியது. நுண்ணளவைத் துறையிற் பெரும் புகழ் பெற்ற பொறியியலறிஞர் யோசப் விற்வேத், குழலை 0.451 அங்குலமாக ஒடுக்கிப் புரியையும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக விரைவாக்கினார். 1857 இல் நடந்த சோதனைகளில் அவரது துப்பாக்கி என்பீல்டைப் பெரிதும் விஞ்சியது. எனினும் படை அதனை ஏற்கவில்லை. விலை மிகுதி என்பது ஒரு காரணம். ஒடுங்கிய குழலிலே மருந்துக் கசடு விரைந்து படிந்தமை மற்றொன்று.

போர்க்களத்துக்கு ஒவ்வாத அத்துப்பாக்கி இலக்குக் களத்திலே சிறப்பிடம் பெற்றது. 1859 இல் நிறுவப்பெற்ற பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டிக் கூட்டம் 1860 யூலை 2 ஆம் நாள் விம்பிள்டன் வெளியில் ஆரம்பமாயிற்று. விக்ரோறியா மகாராணி, தாங்கியொன்றிற் பொருத்தப்பட்டிருந்த விற்வேத் துப்பாக்கியை இயக்கி அதனைத் தொடக்கிவைத்தார். 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவினின்று ஈரங்குலத்துக்குள்ளே சன்னம் பதிந்தது. 1890 இல் அச்சங்கம் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் அக்களமே இவ்விளையாட்டின் தலைமைக் களங்களுள் ஒன்றாகும்.

இத்துறையின் அளவுகோல் கலை என்பதாகும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அக்கோணம் 100 யார் தூரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவும், 1000 யார் தூரத்திற் பத்தரை அங்குலமாகவும் விரியும். ஆகவே 100 யாரில் ஐந்து சன்னங்களையும் ஓரங்குலத்துள் அடக்கும் துப்பாக்கி, 1000 யாரிலே காற்றே இல்லாவிடினும் பத்தங்குலத்துக்குக் குறைந்த வட்டத்துள் அவற்றை அடக்குமென எதிர்பார்த்தல் தகாது. புதியவன் வாங்கும் துப்பாக்கி ஒரு கலைக்குள் அடங்கிச் சுடுமாயின் அது போதியது. அதனினும் நுண்மையான கருவிக்கு மிகுபொருள் கொடுப்பினும், காற்றைக் கணிக்க அறியாதவனுக்கு அந்நுண்மை பயன்படாது.

அஃது ஏன் என்பதைச் சன்னத்தின் பயணமே விளக்கும். இலக்குச் சுடுதலிற் பெருவழக்காயுள்ள 0.308 அங்குலத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் 155 கிறெயின், அதாவது ஏறத்தாழப் பத்துக் கிராம் நிறையுள்ள சன்னம், நெடுங்குழலினின்று செக்கனுக்கு 900 மீற்றரளவு வேகத்தில் வெளிப்படும். 1000 யாரைக் கடக்க அதற்கு ஒன்றரைச் செக்கன் வரையிற் செல்லும். அந்நேரத்துள் அது குழல் நோக்கிய நேர்கோட்டினின்று ஒன்பது மீற்றரளவு கீழிறங்கிவிடும். இவ்வீழ்ச்சி பெரிதேயெனினும் அச்சந்தருவதன்று. புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறுவதில்லை. எனவே ஒருமுறை அளந்து குறிகாட்டியை உயர்த்திவைத்தல் கூடும். காற்றோ கணத்துக்குக் கணம் மாறுவது. மணிக்கு ஒரேயொரு மைல் வேகத்தில் வீசும் பக்கக்காற்றும் அச்சன்னத்தை 1000 யாரிலே முக்காலடியளவு ஒதுக்கிவிடும். கன்னத்தில் உணரவும் அரிதான காற்று, நல்ல கருவியின் பிழை முழுவதற்கும் நிகரான பிழையை விளைக்கின்றது.

இனித் தெரிவை ஆராய்வாம். எவ்வகைப் போட்டியிற் புகுவதென முதலில் முடிவுசெய்தல் வேண்டும். மரபுவழி இலக்கு றைபிள் போட்டியிலே தோள்வாரின் துணைகொண்டு துப்பாக்கியைத் தாங்கி, துளைக்குறிகாட்டியினூடாக நோக்கிச் சுடுவர். தொலைநோக்கி பொருத்தல் அங்கு விலக்கப்பட்டது. 1876 இல் ஐக்கிய அமெரிக்காவின் கிறீட்மூர்க் களத்தில் தொடங்கிய பால்மா போட்டி, 800, 900, 1000 யார் தூரங்களில் இவ்வகையில் நடைபெறுவது. மற்றொரு வகை எவ் வகுப்பு எனப்படும். கண்ணும் உடலும் தளர்ந்தோரும் தொடர்ந்து சுடுதற்பொருட்டுக் கனடாவைச் சேர்ந்த யோர்ச் பார்க்கசன் என்பவர் வகுத்த அம்முறையில், முன்புறத் தாங்கியும் தொலைநோக்கியும் அனுமதிக்கப்படும். ஒரு வகைக்கெனக் கொண்ட துப்பாக்கி மற்றதற்கு முற்றும் பொருந்தாது. ஆதலின் வாங்குமுன் தன் சங்கத்தார் பயிலும் முறையையும் அதன் விதிகளையும் அறிந்துகொள்ளல் அறிவுடைமையாம்.

அடுத்தது தோட்டா. தொலைவு மிகுதலின் வலிமையும் மிகுதல் வேண்டுமென்று கருதிப் பெருந்தோட்டாக்களை நாடுவோர் பலர். இஃது இருவகையால் இடர் தரும். பெருந்தோட்டாவின் பின்னுதைப்பு வலிது. தோள் அதற்கு அஞ்சத் தொடங்கின், விரல் விசையை இழுக்கும் கணத்திலே உடல் தானாகவே துணுக்குறும். அத்துணுக்கம் ஒருமுறை பழகிவிடின் அதனை நீக்க நெடுநாட் செல்லும். மேலும் மிகுந்த மருந்தின் வெப்பம் குழலின் தொண்டையை அரித்துவிடும். 0.308 அங்குலக் குழலொன்று நன்கு பேணின் ஐயாயிரம் வெடிகள் வரையிற் போட்டிக்கு உதவுதல் கூடும். பெருந்தோட்டாக் குழல்களோ ஆயிரத்தைந்நூறளவிலே தளர்ந்துவிடுவதுண்டு. பயிற்சியின் பயன் சுட்ட வெடிகளின் தொகையிலும் தங்கியிருத்தலால், விரைந்து தேயும் குழல் மாணாக்கனுக்கு ஏற்றதன்று.

0.308 அங்குலத் தோட்டா 1952 இல் வேட்டைக்காக விற்பனைக்கு வந்தது. அதனோடு ஏறக்குறைய ஒத்த 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவை 1954 இல் வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகள் ஏற்றன. எங்கும் கிடைப்பதும், பால்மா போட்டிக்கு விதிப்படி உரியதும், உதைப்பு அளவானதுமாகிய இது புதியவனுக்குத் தக்கது. விதி இடங்கொடுக்குமாயின் 2007 இல் அறிமுகமாகிய 6.5 கிறீட்மூர்த் தோட்டாவும் நன்று. மெலிந்து நீண்ட அதன் சன்னம் காற்றால் ஒதுங்குவது குறைவு; உதைப்பும் மெல்லியது. ஆயின் அதன் குழலாயுள் 0.308 இன் குழலாயுளினும் குறுகியது.

குழலைப் பொறுத்தவரையில் புரியின் விரைவே முதலாவதாக நோக்கத்தக்கது. சன்னம் நீளுந்தோறும் விரைந்த சுழற்சி வேண்டப்படும். இத்தொடர்பை 1879 இல் கணிதப் பேராசிரியர் கிறீன்கில் எளிய சூத்திரமாக வகுத்தார். 155 கிறெயின் சன்னத்துக்கு 12 அல்லது 13 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும். அதனினும் நீண்ட கனத்த சன்னங்களுக்குப் பத்தங்குலச் சுற்று வேண்டும். எச்சன்னத்தைச் சுடுவதென அறியாது குழலைக் கொள்வது, காலளவு அறியாது செருப்புக் கொள்வது போலாம். குழல் தடித்ததாயும் இருத்தல் நன்று. மெல்லிய குழல் சில வெடிகளிலே சூடேறிக் குறிதவறக்கூடும்.

நல்ல உறுப்புக்களை வாங்கினால் மட்டும் நல்ல கருவி அமைந்துவிடாது. குழலும் பூட்டும் கட்டையில் அமரும் முறையே எஞ்சிய பாதியாகும். பூட்டுப்பகுதி கட்டையிலே சிறிதும் அசையாது படிதல் வேண்டும். இதற்காக இடைவெளியைக் கடினமாக உறையும் பிசினால் நிரப்புவர். குழலோ கட்டையின் எப்பகுதியையும் தொடாது தனித்து நிற்றல் வேண்டும். கடதாசித் துண்டொன்றைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செலுத்தி, அது பூட்டுவரை தடையின்றிச் செல்கின்றதா எனப் பார்த்தல் எளிய சோதனை. தடைப்படுமாயின், சூட்டாலோ ஈரத்தாலோ கட்டை நெளியுந்தோறும் குறியும் மாறும். திருகாணிகளை ஒவ்வொருமுறையும் ஒரேயளவு இறுக்குதலும் இன்றியமையாதது.

தொலைநோக்கி பொருத்துவதாயின், அதன் அடித்தட்டு முன்புறம் இருபது கலையளவு சரிந்திருத்தல் வழக்கம். 100 யாருக்குச் சரிசெய்த குறியை 1000 யாருக்கு மாற்ற, 0.308 தோட்டாவுக்கு முப்பது கலைக்கு மேல் உயர்த்த வேண்டும். சரிவில்லாத் தட்டில் அவ்வுயர்வுக்கு இடம் போதாதிருத்தல் கூடும். தொலைநோக்கியின் நிலைக்குத்துக் கோடு குழலுக்கு நேர்மேலே நிற்றலும் வேண்டும். அது சாய்ந்திருப்பின், உயரத்தைக் கூட்டுந்தோறும் சன்னம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனைக் காற்றின் பிழையென மாணாக்கன் மயங்குவான்.

துப்பாக்கி உடலுக்குப் பொருந்துதலும் கருவியின் அமைப்பைச் சேர்ந்ததே. அடிக்கட்டையின் நீளம், கன்னந்தாங்கியின் உயரம் என்பன சுடுவோனுக்கேற்பத் திருத்தப்பெறல் வேண்டும். கண்ணை மூடி இயல்பாகக் கன்னத்தை வைத்துப் பின் கண்ணைத் திறந்தால், குறிகாட்டியின் நடுவே இலக்குத் தோன்றுதல் வேண்டும். கழுத்தை நீட்டியோ தோளை வருத்தியோ இலக்கைத் தேடுபவன், தசை களைத்தவுடன் குறியையும் இழப்பான்.

இவ்வாறு அமைத்தபின் 100 யாரிற் குறியைச் சரிசெய்து, படிப்படியாக 300, 600 யார்களுக்குச் சென்று, ஈற்றிலே 1000 யாருக்குச் செல்லல் முறை. ஒவ்வொரு தூரத்துக்கும் வைத்த உயரம், காற்றின் நிலை, வெப்பநிலை, தோட்டாவின் வகை, சன்னம் பட்ட இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். சுடுமுன் எங்கே படுமென எண்ணினான், உண்மையில் எங்கே பட்டது என்னும் இரண்டையும் அருகருகே எழுதுதல் மிகச் சிறந்தது. தோட்டாக்களும் ஒரே வகையினவாதல் வேண்டும். வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபடினும் 1000 யாரிலே அரையடிக்கு மேல் ஏற்றத்தாழ்வு தோன்றும். பட்ட இடம் மேலுங் கீழுமாய்ச் சிதறின் தோட்டாவையும், பக்கங்களிற் சிதறின் காற்றுக் கணிப்பையும் முதலில் ஐயுறுதல் பெரும்பாலும் பொருந்தும்.

துரோணர் வைத்த பரீட்சையிலே மரத்தையும் கிளையையும் காணாது பறவையின் தலையை மட்டுமே கண்ட அருச்சுனன் தேறினான் என்பது யாவரும் அறிந்த கதை. வில்லாளிக்கும் பறவைக்கும் இடையிலிருந்த சிறு தொலைவுக்கு அது பொருந்தும். ஆயிரம் யாருக்கு அப்பால் இலக்கை மட்டுமே காண்பவன் தவறுவான். இடையே பறக்கும் கொடிகளையும், அசையும் புல்லையும், தொலைநோக்கியில் ஓடும் கானலையும் அவன் காணல் வேண்டும். கானல் ஒரு பக்கமாக ஓடின் காற்றும் அப்பக்கமே செல்கின்றது; அது நேர்மேலாகக் கொதித்தெழின் காற்று ஓய்ந்தது, அன்றேல் சுடுங்கோட்டின் வழியே வீசுகின்றது. அக்கோட்டுக்கு முப்பது பாகை சாய்ந்து வரும் காற்று, செங்குத்தாக வரும் காற்றின் அரைப்பங்கு ஒதுக்கத்தையே தரும். இவற்றையெல்லாம் நோக்கியறிந்த பின்னரே, விசையை இழுக்கும் அக்கணத்தில், அருச்சுனன் நோக்கு வேண்டப்படும்.

எக்கருவியாயினும் காவல் விதிகள் மாறா. நெடுந்தூரச் சன்னம் இரண்டு மைலுக்கு அப்பாலும் உயிர்போக்க வல்லது. ஆதலின் அனுமதிப்பத்திரம் பெற்றவரே, பின்னணை அமைந்த அங்கீகரிக்கப்பட்ட களத்தில், கட்டளையாளரின் கீழ்ச் சுடுதல் வேண்டும். இவ்வொழுங்குக்கு அடங்காதவனுக்கு முதற்றுப்பாக்கி மட்டுமன்று, எத்துப்பாக்கியும் உரியதன்று.

1930 இல் பிஸ்லியில் மார்யரி பொஸ்ரர் என்னும் பெண்மணி மன்னர் பரிசினை வென்றார். அதன் இறுதிக் கட்டம் 900, 1000 யார் தூரங்களுக்குரியது. அப்பரிசு பெற்ற முதற் பெண் அவரே. பேராற்றல் வாய்ந்த தனிக்கருவியொன்றால் அவர் வெல்லவில்லை. போட்டியாளர் யாவரும் ஒரேவகைப் படைத்துப்பாக்கியையே ஏந்தினர். முதற் கருவிக்கெனச் சேர்த்த பொருள் முழுவதையும் துப்பாக்கியிலேயே இடாது, ஒரு பகுதியைத் தோட்டாவுக்கும் களத்திற் கழியும் நாட்களுக்கும் ஒதுக்கிவைப்பவனே காற்றைக் கற்கின்றான். குழல் தேய்ந்தால் புதியது பொருத்தலாம். அது தேயுங்காலத்திற் குறிப்பேட்டில் நிரம்பிய அறிவே அவனது உடைமையாக எஞ்சும்.