புலிகளா, புல்டாக்குகளா?

பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒரு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று ஊரே கூடிக் கணித்துக்கொண்டிருக்குமா, நேயர்களே?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அப்படித்தான் நடக்கிறது! அங்கே மாசிலன், கேன்டன் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டு ஊர்ப் பள்ளி அணிகளும் 1894-லிருந்து மோதி வருகின்றன. மாசிலன்காரர்கள் புலிகள், கேன்டனின் மெக்கின்லி பள்ளிக்காரர்கள் புல்டாக்குகள். ஆட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.

மாசிலனில் எவ்வளவு பற்று தெரியுமா? ஊரில் ஆண் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரித் தொட்டிலிலேயே ஒரு குட்டிப் பந்தைப் பரிசாக வைப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பால் குடிக்கிற பிள்ளைக்கே அணி முடிவாகிவிட்டது, பாருங்கள்!

சரி, கணிப்புக்கு வருவோம். இந்த வருஷம் யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள், யாருக்குக் காலில் அடி, அன்றைக்கு மழை வருமா என்று பெரியவர்கள் அலசுவார்கள். ஆனால் பரம வைரிகள் மோதும்போது அந்தக் கணக்கெல்லாம் சுலபமாகப் பொய்த்துவிடும். பருவம் முழுக்கத் தோற்ற அணிகூட, இந்த ஒரு நாளுக்காக உயிரைக் கொடுத்து ஆடும்.

1994-ல் இரு அணிகளும் 100-வது முறையாக மோதின. ஆட்ட நேரம் முடிந்தபோது சமநிலை! கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கடைசியில் மாசிலன் ஜெயித்தது, ஒரே ஒரு புள்ளியில்.